இசக்கி சொல்லி முடிக்கட்டும்

இன்னும் வரவில்லை. இசக்கியின் உதடு இரண்டு பக்கமும் இழுபட்டு, பல்வரிசை தெரிய, 'இ' என்ற ஒரே எழுத்தில் நிற்கிறது, தொண்டை ஏறி இறங்குகிறது, கழுத்து நரம்பு புடைக்கிறது, சத்தம் மட்டும் வரவில்லை. லேப்பில் ஏ.சி. ஓடுகிற சத்தம்தான் கேட்கிறது, அதுவும் ஒரு மூலையில் சொட்டுகிற ஏ.சி., அடியில் யாரோ வாளி வைத்திருக்கிறார்கள். வெளியூரிலிருந்து வந்திருக்கிற எக்ஸ்டெர்னல், எங்கள் பி.எஸ்ஸி. ஐ.டி. கடைசி செமஸ்டர் புராஜெக்டுக்கு வைவா எடுக்க வந்தவர், கேள்வியைக் கேட்டுவிட்டுப் பேனாவால் மேஜையைத் தட்டிக்கொண்டிருக்கிறார். "தண்ணி வந்ததும் போன்ல பட்டனை அழுத்தணும்னு சொல்றீங்க. ஒரு தெருவுல யாருமே அழுத்தலைன்னு வைங்க. அந்தத் தெருவுக்குத் தண்ணி வந்துச்சா வரலையான்னு உங்க புரோகிராமுக்கு எப்படித் தெரியும்?" நல்ல கேள்விதான். பதில் எனக்குத் தெரியும். இன்டர்போலேஷன். ரிப்போர்ட்டில் நாலாவது அத்தியாயத்தில் இருக்கிறது, நான்தான் டைப் அடித்தேன், இந்தப் பக்கத் தெருவுக்குத் தண்ணீர் வந்த நேரமும் அந்தப் பக்கத் தெருவுக்கு வந்த நேரமும் தெரிந்தால் நடுத்தெருவுக்கு எப்போது வந்திருக்கும் என்று கணக்குப் போட்டு இடைவெளியை நிரப்புவது, அவ்வளவுதான், ஒரே சொல், 'இ'யில்தான் ஆரம்பிக்கிறது, அவள் மாட்டிக்கொண்டிருப்பதும் அங்கேதான், இன்டர்போலேஷன் என்று நான் சொன்னால் முடிந்தது, மூச்சு விடுகிற மாதிரி வந்துவிடும் எனக்கு. ஆனால் சொல்லக்கூடாது. காலையில் கல்லூரி வாசலில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் முந்தானையைப் பிடித்து நிறுத்தி இசக்கி சொன்னாள், "அமலி, இன்னைக்கி நீ எனக்காகப் பே…சக்கூடாது. வாயக்கூட அசைக்காத." நான் சிரித்தேன். "சரிட்டி, அசைக்கல," என்றேன். எளிதாகச் சொல்லிவிட்டேன். இப்போது மேலண்ணத்தில் நாக்கை ஒட்டவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், அது உள்ளே கிடந்து துள்ளுகிறது.

மூச்சை விட்டுவிட்டாள். உதடு தளர்ந்தது. மறுபடி உள்ளே இழுக்கிறாள், கண்ணை மூடவில்லை, அதைப் பார், கண்ணை மூடவே இல்லை, எக்ஸ்டெர்னலின் கண்ணுக்கு நேராகப் பார்த்துக்கொண்டே மறுபடி அதே 'இ'க்குப் போகிறாள். நானாக இருந்தால் சுற்றிக்கொண்டு போயிருப்பேன். வேறு சொல் போட்டிருப்பேன். முன்பெல்லாம் அவளும் அப்படித்தான் போவாள், வராத சொல்லை விட்டுவிட்டுப் பக்கத்துச் சொல்லைப் பிடிப்பாள், 'இட்லி' வராதென்று கேன்டீனில் தோசை வாங்கித் தின்பாள், தோசையே அவளுக்குப் பிடிக்காது என்று எனக்குத் தெரியவே ஒரு வருஷம் ஆனது. ஆனால் பேரை எப்படி மாற்றுவது. முதல் நாள், முதல் வகுப்பு, எல்லாரையும் எழுந்து பேரையும் ஊரையும் சொல்லச் சொன்னார் சார், ஆளுக்கொரு நொடி, பெஞ்சு பெஞ்சாக வந்துகொண்டிருந்தது, எனக்கு அதெல்லாம் விளையாட்டு, பள்ளிக்கூடத்தில் பேச்சுப்போட்டி என்றால் பெயர்கொடுக்கும் முன்பே என் பேரை எழுதிவிடுவார்கள், எழுந்தேன், மணிமாதிரிச் சொன்னேன், உட்கார்ந்தேன். எனக்கு முன்பெஞ்சில் ரெட்டைப்பின்னல் போட்ட ஒருத்தி எழுந்தாள். எழுந்தவள் சொல்லவில்லை. முதலில் யாருக்கும் புரியவில்லை, பிறகு ஒரு மூலையில் சிரிப்பு, பிறகு இன்னொரு மூலையில். "பரவால்லம்மா, உட்காரு," என்றார் சார், நல்ல மனுஷன், நல்ல மனசோடுதான் சொன்னார். அவள் உட்காரவில்லை. பெஞ்சு விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள், பின்கழுத்து சிவந்து வேர்த்தது, எனக்கு உட்கார்ந்த இடத்தில் காது சூடேறியது, உட்காரேன் பிள்ளை, உட்கார்ந்து தொலையேன், யாருக்கு வேண்டும் உன் பேர். சிரித்தவர்கள் அலுத்துப்போய் நிறுத்தியபிறகும் நின்றாள். "இசக்கியம்மாள்," என்றாள். ஊரையும் சொன்னாள். இனிஷியலைக்கூட விடவில்லை. அப்புறம்தான் உட்கார்ந்தாள். மறுநாள் நான் பையைத் தூக்கிக்கொண்டு அவள் பெஞ்சுக்குப் போனேன். ஏன் வந்தாய் என்று அவள் கேட்கவில்லை, கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள், அவ்வளவுதான், மூன்று வருஷமாக அந்த இடம் என்னுடையது.

மேஜைக்கு அந்தப் பக்கம் பியூலா மேடம் என்னைப் பார்க்கிறார், எங்கள் கைடு, கண்ணாலேயே 'சொல்லேன்' என்கிறார். பார்க்காத மாதிரி வாளியைப் பார்க்கிறேன். போன வாரம் மேடம்தான் சொன்னார், "அவ கோடு எழுதட்டும், நீ பேசு, வேலையப் பிரிச்சிக்கோங்க, அதான் டீம் ஒர்க்கு." நியாயம்தானே என்று எனக்கும் அப்போது பட்டது. அவள் கை, என் வாய். ஆனால் அந்தக் கையைப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும் அந்த ஏற்பாட்டில் யாருக்கு எவ்வளவு பங்கு என்று. லேப்பில் நாங்கள் எல்லாரும் ஒரு வரி அடித்துவிட்டு மூக்கைச் சொறிவோம், ஒரு செமிகோலனை விட்டுவிட்டுப் பிசாசைத் தேடுகிற மாதிரித் தேடுவோம், இசக்கி உட்கார்ந்தால் கீபோர்டில் மழை பெய்யும். திக்கல் என்பதே அந்த விரலுக்குக் கிடையாது. எரர் வந்தால் எங்களுக்கு முகம் சுருங்கும், அவளுக்கு மலரும், திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய், "அப்படியா? அப்படியா சொல்லுத?" என்று அதனிடம் கேட்பாள், அந்தக் கேள்வி மட்டும் அட்சரம் பிசகாமல் வரும். ஒருநாள் அவள் எழுதியதை வாங்கிப் பார்த்தேன், மலர், மல்லி, மகிழம், மரு என்று மதிப்பைப் போட்டுவைக்கிற வேரியபிளுக்கெல்லாம் பேர் வைத்திருந்தாள். "என்னட்டி இது, ஐ.டி. டிபார்ட்மென்டா பூக்கடையா?" என்று வகுப்பே கேட்கிற மாதிரிக் கேலி பண்ணினேன். அவளும் சிரித்தாள். ரொம்ப நாள் கழித்து எனக்குத் தானாகவே உறைத்தது, 'ம' அவளுக்கு வரும். வைவாவில் யாராவது கோடை வாசிக்கச் சொன்னால் வாசிக்க வேண்டுமே என்று ஒவ்வொரு வரியின் வாசலிலும் தனக்கு வருகிற எழுத்தையே வைத்து வழி பண்ணி வைத்திருக்கிறாள். எத்தனை வாசலைப் பற்றி யோசித்திருப்பாள் ஒருத்தி. நான் பேசுவதற்கு முன்னால் எதைப் பற்றியாவது யோசித்திருக்கிறேனா? யோசித்தபிறகா என் வாய் திறக்கிறது?

"யம்மா," என்கிறார் எக்ஸ்டெர்னல், அவளிடம் இல்லை, என்னிடம். "ஒண்ணு கேக்குறேன், தப்பா எடுத்துக்காதீங்க. இத எந்த சென்டர்ல பண்ணுனீங்க?" சென்டர் என்றால் ரெடிமேடாகப் புராஜெக்ட் செய்துகொடுக்கிற கடைகள், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மாடியில் இருக்கின்றன, ஒரு சி.டி.யும் பைண்டு பண்ணிய ரிப்போர்ட்டும் கையில் கொடுத்து வைவாவில் என்ன சொல்ல வேண்டும் என்பதையும் எழுதிக்கொடுப்பார்கள். அப்படி என்றுதான் நினைக்கிறார். இவ்வளவு நேரம் பதில் வராவிட்டால் தெரியவில்லை என்று அர்த்தம், தெரியவில்லை என்றால் இவள் எழுதியது இல்லை என்று அர்த்தம், அவருக்குக் கணக்கு சரியாகத்தான் வருகிறது. கேம்பஸ் இன்டர்வியூவில் வந்தவர்களும் அதே கணக்கைத்தான் போட்டார்கள், கோடிங் டெஸ்டில் முதல் மார்க் இசக்கி என்று பேர் வாசித்துக் கூப்பிட்டார்கள், பேசிப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றார்கள், உள்ளே போனவள் வெளியே வந்து, "கம்யூனிகேஷனாம்," என்றாள், அந்தச் சொல் அன்றைக்குப் பார்த்துத் திக்காமல் வந்தது. "நாங்களே பண்ணுனோம் சார்," என்கிறேன் நான். இது அவளுக்காகப் பேசுவதில் சேராது, என்னைத்தானே கேட்டார், நாங்கள் என்றுதானே சொன்னேன். "சரி, நீங்களே பண்ணுனீங்க. அப்போ நீங்களே இந்தக் கேள்விக்குச் சொல்லுங்களேன். அவங்களை ஏன் கஷ்டப்படுத்தணும்?" இரக்கமாகத்தான் கேட்கிறார். இரக்கம்தான் எல்லாரிடமும் இருக்கிறது, சாரிடம், மேடத்திடம், பஸ்ஸில் டிக்கெட் கொடுக்கிறவர் அவள் வாய் திறக்கும் முன்பே ஸ்டாப்பைச் சொல்லிக் கிழித்துக் கொடுக்கிறார், எல்லாரும் ஆளுக்கொரு சொல்லை அவள் வாயிலிருந்து எடுத்துக்கொண்டு போகிறார்கள்.

சொல்லிவிடட்டுமா? சொன்னால் மார்க் வரும். நாங்கள் இரண்டு பேரும் பாஸ். வெளியே வந்ததும் அவள் என்னோடு பேசமாட்டாள், ஒரு வாரம், அப்புறம் பேசுவாள், நட்பென்றால் அவ்வளவும் தாங்கும். சொல்லாவிட்டால் காப்பியடித்தது என்று எழுதிவிட்டுப் போவார், மூன்று வருஷம் வீண், அவள் அம்மாவிடம் என்ன சொல்வது. அவள் அம்மா சொன்னதிலிருந்துதான் இந்தப் புராஜெக்ட்டே வந்தது, வீட்டு வாசலில் காலிக் குடங்களோடு உட்கார்ந்துகொண்டு, குழாயில் காற்று சீறுவதைக் கேட்டுக்கொண்டு, "காலேசுல மூணு வருசம் படிக்கிய, தண்ணி எப்ப வரும்னு சொல்லத் தெரியுதா ஒனக்கு?" என்று விளையாட்டுக்குக் கேட்டார். நான் சிரித்தேன். இசக்கி சிரிக்கவில்லை, நின்று யோசித்தாள், பிறகு அம்மாவிடம், "சொல்லலாம்," என்றாள். எந்தத் தெருவில் தண்ணீர் வந்தாலும் அங்கே இருக்கிறவர் போனில் ஒரு பட்டனை அழுத்த வேண்டும், அதை வைத்து அடுத்த தெருக்காரர்களுக்கு எப்போது வரும் என்று புரோகிராம் ஊகித்துச் சொல்லும், ஆள் வேலைக்குப் போகலாமா, வீட்டில் இருக்கணுமா, துணியை இன்றைக்கு ஊறவைக்கலாமா, எல்லாம் அந்த ஒரு சேதியில் இருக்கிறது. தெருத்தெருவாக நடந்தோம், பேசியதெல்லாம் நான், ஆனால் வீட்டுக்காரர்கள் போனை அவள் கையில்தான் கொடுத்தார்கள், அவள் முகத்தைப் பார்த்துத்தான் தலையாட்டினார்கள். பண்டகசாலைத் தெருவில் ஒரு அக்கா, "அந்தப் பிள்ள பேசாட்டியும் வெவரமா இருக்கு," என்றார். பேசுகிற பிள்ளை பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன்.

இரண்டு பேரும் சேர்ந்து சத்தமாக வாசித்தால் அவளுக்குத் திக்காது. ஏன் என்று தெரியாது, அப்படித்தான். வைவாவுக்குப் படிக்கிறபோது கல்லூரி வராந்தாவில் சுவரோடு உட்கார்ந்து ரிப்போர்ட்டை நடுவில் வைத்துக்கொண்டு ஒரே குரலில் வாசிப்போம், ஆறு மாதிரிப் போவாள், எனக்கு முன்னால் ஓடுவாள், நான் நிறுத்தினால் அவளும் ஒரு சொல் தூரம் போய் நிற்பாள். இப்போது நான் சும்மா முணுமுணுத்தால் போதும், சத்தமே வேண்டாம், உதடு அசைந்தால் போதும், அதைப் பிடித்துக்கொண்டு ஏறி வந்துவிடுவாள், இன்… டர்… அதனால்தான் வாயைக்கூட அசைக்காதே என்றாளா? அதையும் யோசித்து வைத்திருக்கிறாள். என் கைப்பிடி இல்லாமல் ஏறுவதாக முடிவுபண்ணிவிட்டுத்தான் பஸ்ஸை விட்டே இறங்கியிருக்கிறாள். எக்ஸ்டெர்னல் காத்துக்கொண்டிருக்கிறார். மேடம் தொண்டையைச் செருமுகிறார். என்ன பேசினாலும் தடுமாறாத எனக்கு, மேடையில் ஆயிரம் பேர் முன்னால் மைக் பிடித்த எனக்கு, வாயைத் திறக்காமல் இருக்க இவ்வளவு தெம்பு வேண்டியிருக்கிறது, இந்தத் தெம்பைத்தானே இவள் ஒவ்வொரு சொல்லுக்கும் செலவழிக்கிறாள், கடைக்குப் போனால், பஸ் ஏறினால், போன் அடித்தால். "சார்," என்கிறேன். குரல் எனக்கே அந்நியமாக இருக்கிறது. "அவ சொல்லுவா சார். கொஞ்சம் டைம் குடுங்க." சொல்லிவிட்டு அவள் பக்கம் திரும்பாமல் உட்கார்ந்திருக்கிறேன். கோபப்படுவாளோ. இதுவும் பேசியதில் சேருமோ. எக்ஸ்டெர்னல் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், தட்டிக்கொண்டிருந்த பேனாவை மூடிக் கீழே வைத்தார். நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "டைம் இருக்கும்மா," என்றார், இந்தத் தடவை அவளிடம். "நீங்க சொல்லுங்க."

உதடு இழுபடுகிறது. 'இ'. மறுபடி அதே வாசல். இன்டர்போலேஷன், இன்டர்போலேஷன், மாதாவே, இன்டர்போலேஷன் என்று நான் உள்ளுக்குள் ஜெபம் மாதிரிச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், அவள் கை மேஜை விளிம்பைப் பிடித்திருக்கிறது, நகம் வெளுத்திருக்கிறது, வருகிறது, சத்தம் வருகிறது.

"இ… இல்ல சார்."

என்னது?

"தெரியாது சார். எங்க புரோகிராமுக்குத் தெ…ரியாது."

பியூலா மேடம் நெற்றியில் கை வைத்தார். இல்லையா? நாலாவது அத்தியாயம் என்ன ஆனது? நான் டைப் அடித்தேனே, படம் போட்டு அம்புக்குறி போட்டு. "ரிப்போர்ட்ல இன்டர்போலேஷன்னு போட்டிருக்கே," என்று பக்கத்தைப் புரட்டுகிறார் எக்ஸ்டெர்னல். "போ…ட்டிருந்தோம் சார். நேத்து சாயங்காலம் புரோகிராம்ல இருந்து எடுத்துட்டேன்." எடுத்துவிட்டாளா? என்னிடம் சொல்லாமலா? அவள் சொல்லச் சொல்ல நானும் எக்ஸ்டெர்னலோடு சேர்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன், ஒவ்வொரு சொல்லாக, நடுவில் நின்று, மூச்செடுத்து, விட்ட இடத்திலிருந்தே எடுத்து, ஒரு சொல்லையும் சுற்றிப்போகாமல் சொல்கிறாள். இசக்கியின் வீடு இருக்கிற காளவாசல் தெருவில் நேற்று யாரும் பட்டனை அழுத்தவில்லை. இந்தப் பக்கத் தெருவில் தண்ணீர் வந்திருந்தது, அந்தப் பக்கத் தெருவிலும் வந்திருந்தது, அதனால் நடுவில் இவர்களுக்கும் வந்துகொண்டிருக்கிறது என்று புரோகிராம் சொல்லிவிட்டது. தெருவே குடத்தோடு வெளியே வந்து நின்றது, அவள் அம்மாவும் வேலைக்குப் போகாமல் நின்றார். வரவில்லை. "எங்க தெருவுக்கு வேற குழாய்ல இருந்து வருது போல சார். ப…க்கத்துல இருந்தா ஒரே மாதிரி இருக்கும்னு நாங்க நெனச்சது தப்பு. தெரியாததத் தெரிஞ்ச மாதிரி புரோகிராம் சொல்லிட்டு. அதனால எடுத்துட்டேன். இப்ப, யாரும் அழுத்தலன்னா, தெரியவில்லைன்னு காட்டும்." ஓட்டிக் காட்டினாள். காளவாசல் தெருவைத் தேர்ந்தெடுத்தாள். திரையில், அவள் எப்போதும் போடுகிற சாதாரண நீல எழுத்தில் வந்தது, தெரியவில்லை.

நான் சொல்லியிருந்தால். இன்டர்போலேஷன் சார் என்று மணிமாதிரிச் சொல்லியிருந்தால், எங்கே ஓட்டிக் காட்டுங்கள் என்று அவர் கேட்டிருப்பார், ஓட்டியிருப்போம், தெரியவில்லை என்று வந்திருக்கும், ரிப்போர்ட்டில் ஒன்று திரையில் ஒன்று, கடையில் வாங்கியதுதான் என்று சந்தேகமில்லாமல் முடிந்திருக்கும். அதெல்லாம்கூடப் பெரிதில்லை. மூன்று வருஷம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, அவள் 'இ' என்றதும் என்ன சொல்லவருகிறாள் என்று எனக்குத் தெரியும் என்று இவ்வளவு நேரம், இவ்வளவு உறுதியாக, ஒரு நொடிகூடச் சந்தேகப்படாமல் உட்கார்ந்திருந்தேனே. அவள் வாய்க்கு அந்தப் பக்கம் வேறு ஒன்றல்லவா இருந்திருக்கிறது. வைவாவில் உட்கார்ந்துகொண்டு, ஒரு பொய்யோ அரைப்பொய்யோ சொன்னால் போய்விடலாம் என்கிற இடத்தில், எல்லாச் சொல்லிலும் கஷ்டமான சொல்லை, என் புரோகிராம் தப்பு என்பதை, வெளியே கொண்டுவரத்தானா இவ்வளவு நேரம் அந்த வாசலில் நின்றாள். எவள் செய்வாள்? எக்ஸ்டெர்னல் ரிப்போர்ட்டை மூடினார். லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பி அந்தக் கோடைக் கீழே கீழே நகர்த்திப் படித்துக்கொண்டே போனார், ஓரிடத்தில் சிரித்தார், "மகிழம்னா என்னம்மா?" என்றார். "பூ சார்," என்றாள். "அது தெரியும். இங்க என்ன பண்ணுது?" அவள் விளக்கினாள், அவர் இன்னொன்று கேட்டார், அதையும் விளக்கினாள், மூன்றாவது தடவை கேட்டது வைவாக் கேள்வியே இல்லை, உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டது, குரலிலேயே தெரிந்தது, அவள் திக்கித் திக்கிச் சொன்னதை அவர் தலையைச் சாய்த்துக் கேட்டார், வெளியே அடுத்த டீம் இரண்டு தடவை கதவைத் திறந்து எட்டிப்பார்த்துவிட்டுப் போனது. என்னையும் ஒன்று கேட்டார், எளிதான கேள்வி, எழுந்து நின்று பதில் சொல்கிறபோது என் வாழ்க்கையில் முதல் தடவையாக நடுவில் நிறுத்தி யோசித்தேன். "நல்லது. போய்ட்டு வாங்க," என்றார் கடைசியில். பிறகு பியூலா மேடத்திடம், நாங்கள் கதவைத் தாண்டும் முன்பே, கேட்கட்டும் என்று நினைத்தாரோ என்னவோ, "இவங்களே எழுதுனதுதான் மேடம். சந்தேகமே இல்ல," என்றார்.

படிக்கட்டு வெயிலில் கொதிக்கிறது. இசக்கி நிழல் விழுந்த படியாகப் பார்த்து உட்கார்ந்து லேப்டாப்பைத் திறக்கிறாள். "வைவா முடிஞ்சிட்டுட்டி," என்கிறேன், "படிப்பே முடிஞ்சிட்டு, இனி யாரும் மார்க் போடமாட்டாவ, மூடு, ஜூஸ் குடிக்கப் போவோம்." மூடவில்லை. காளவாசல் தெருவின் வரியில் கர்சர் துடித்துக்கொண்டிருக்கிறது, தெரியவில்லை என்று எழுதியிருக்கிற இடத்தையே, எரரைப் பார்க்கிற அதே மலர்ந்த முகத்தோடு பார்த்துக்கொண்டிருக்கிறாள். "நேத்தே என்ட்ட சொல்லிருக்கலாம்லா?" என்று கேட்டேன். கேட்டபிறகுதான் தோன்றியது, நேற்று சாயங்காலம் அவள் போன் வந்தது, எடுத்ததும் நான்தான் சேலை எதைக் கட்ட என்று பேசிக்கொண்டே போனேன், பேசி முடித்து நான்தான் வைத்தேன். அதை அவள் சொல்லவில்லை. திரையிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தாள், ஏதோ சொல்ல வருகிறாள், உதடு குவிகிறது, தொண்டை ஏறுகிறது, நிற்கிறது. என்ன சொல்லப்போகிறாள் என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு சொல்லும் தோன்றவில்லை. அவள் பக்கத்துப் படியில் வெயில் பட்டாலும் பரவாயில்லை என்று உட்கார்ந்தேன், பையை மடியில் வைத்துக்கொண்டேன், எங்கேயும் போக வேண்டியதில்லை எனக்கு.